மொக்கையனுக்கு விழுந்த வசனம்

வேதமுத்து ஐயருக்கு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே சனிக்கிழமை காலையில் அலுப்புத் தட்டத் தொடங்கிவிடும். கேரளத்து மலையில் வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஆறு சபைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மலையில். ஓரிடத்தில் ஆராதனை முடித்து, அங்கியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறிக் குலுங்கிக் குலுங்கி அடுத்த மலைக்குப் போய், அதே அங்கியை மாட்டி அதே பிரசங்கத்தை மறுபடியும் சொல்ல வேண்டும். மூன்றாவது சபைக்குப் போய்ச் சேரும்போது தான் பேசுவது அவர் காதிலேயே விழாது. சர்க்கரை வேறு இருந்தது. முழங்கால் மழைக்காலம் முழுக்க வலிக்கும். அந்த ஊரில் மழை இல்லாத காலம் கொஞ்சம்தான்.

அவர் வெளியூரிலிருந்து வந்த போதகர் அல்ல. அதே மலையில், மேல் டிவிசனின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறியவர். அப்பா பேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளினார், அம்மா கொழுந்து எடுத்தார். பையன் நன்றாகப் படிக்கிறான், நிதானமாகப் பேசுகிறான் என்று சபையார் சேர்ந்து அவரை மதுரைப் பக்கம் ஓர் இறையியல் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

ஒரு வசனத்துக்கு என்ன அர்த்தம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பாடமே இருக்கிறது என்பது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. அதுவரை வசனம் என்றால் வசனம். வாசித்தால் புரியும், புரியாவிட்டால் ஐயரைக் கேட்கலாம். கல்லூரியிலோ மூன்று ஆசிரியர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள். வயதான ஆசிரியர் ஒருவர், எழுதியவன் என்ன நினைத்து, யாருக்கு, எந்தச் சமயத்தில் எழுதினானோ அதுதான் அர்த்தம், மற்றதெல்லாம் நம் ஆசை என்றார். இன்னொருவர், எழுதியவனின் மனதுக்குள் யார் போய்ப் பார்த்தது, முழு வேதத்தோடும் சேர்த்து, சபை இத்தனை தலைமுறையாக எப்படிக் கேட்டு வந்ததோ அதோடும் சேர்த்துத்தான் எந்த வசனத்தையும் வாசிக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் ஓர் இளம்பெண். வாசிக்கிறவன் யார், அவன் எதற்குப் பயப்படுகிறான், அவன் வயிறு நிறைந்திருக்கிறதா என்பதைக் கேட்காமல் அர்த்தத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்று அவர் சொல்வார். மாணவர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள்.

வேதமுத்து அந்த வயதான ஆசிரியரின் கட்சி. லயத்தில் வளர்ந்தவனுக்கு, ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று தெரியும். துரை ஒன்று சொல்லியிருப்பார். கங்காணி வந்து வேறொன்று சொல்லுவார். முதலில் சொன்னவர் என்ன சொன்னார் என்று பிடித்துக்கொண்டால்தான் காலூன்ற ஓரிடம் கிடைக்கும் என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கையோடுதான் மலைக்குத் திரும்பினார். முதல் வருஷமே ஒரு பிரசங்கம் செய்தார். உங்களுக்கு நல்ல காலம் வைத்திருக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் ஒன்று பாதி வீடுகளில் சுவரில் தொங்கியது. அது அந்நிய தேசத்துக்குச் சிறையாகப் போன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எழுதியது, அந்த நல்ல காலம் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான் கிடைத்தது என்று விளக்கினார். யாரும் தலையாட்டவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்த ஓர் அம்மா அவரை நிறுத்தினார்.

“எல்லாம் அடுத்தவுகளுக்கு எழுதினதுன்னா, எங்களுக்குன்னு என்னதான்யா இருக்கு?”

அதன் பிறகும் இரண்டு மூன்று வருஷம் அப்படியே பேசிப் பார்த்தார். அப்புறம் மெல்ல மெல்ல விட்டுவிட்டார். கல்யாணத்தில் கல்யாணத்துக்கு வேண்டியதையும் அடக்கத்தில் அடக்கத்துக்கு வேண்டியதையும் சொன்னார். சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுக்க அவர் மனதிலிருந்து வந்ததும் இல்லை. அந்த இடைவெளியோடு வருஷக்கணக்கில் நடந்ததுதான் முழங்கால் வலியை விட அவரைக் களைக்க வைத்திருந்தது.

புதுவருஷத்துக்கு ஒவ்வொரு சபையிலும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். சிவகாசியில் அச்சடித்த சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூப்படம், ஒரு வசனம். ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்ததுதான் அந்த வருஷம் முழுவதற்கும் கர்த்தர் அவர்களுக்குக் கொடுத்த வார்த்தை. வேதமுத்துவுக்கு இந்த வழக்கம் பிடிக்காது. கமிட்டிக்காரர்கள் விடமாட்டார்கள். எனவே அவரே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, எடுத்தவர்களின் அட்டையை வாங்கி உரக்க வாசித்து, “கர்த்தர் உங்களுக்குக் கொடுத்த வார்த்தை” என்று திரும்பக் கொடுப்பார்.

அந்த வருஷம் மேல் டிவிசன் சபையில் மொக்கையனும் ஓர் அட்டை எடுத்தார். ஞானஸ்நானத்தில் மோசே என்று பெயர் வைத்தும் ஊர் அவரை மொக்கையன் என்றே கூப்பிட்டது. பேக்டரியில் இலை வாடப்போடும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் சபையில் அவருக்கு வேறோர் இடம் உண்டு. கீர்த்தனை எதுவானாலும் அவர்தான் முதலில் பாடி எடுத்துக் கொடுப்பார். ஆர்மோனியம் பழுதாகிக் கிடந்த வருஷங்களில் அவர் குரலை வைத்தே ஆராதனை நடந்தது. வேதமுத்து அவரைவிடச் சின்னவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

அட்டையில், நீ சாகமாட்டாய், பிழைத்திருந்து கர்த்தர் செய்தவற்றைச் சொல்லுவாய் என்ற பொருளில் ஒரு வசனம் இருந்தது. மொக்கையன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் சில மாதங்களாக ஆறாமல் இருந்தது வேதமுத்துவுக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் தொடங்கிய சமயம், மொக்கையனின் மனைவி புஷ்பமேரி போதகர் வீட்டுக்கு வந்தார். கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். கைவிரல்களில் கறை போகவில்லை. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

“ஐயா, ஒங்களாலதான் இந்த வினை. நீங்கதான் வந்து தீக்கணும்.”

“என்னம்மா ஆச்சு?”

“அவுக நாக்குல புத்துநோய்னு சொல்லிட்டாக. கோட்டயம் பெரியாஸ்பத்திரில ஓப்பரேசனுக்குத் தேதியும் குடுத்தாச்சு. நாக்குல பாதிய எடுக்கணுமாம். இப்பவே எடுத்தாப் பிழைச்சிக்கிடலாம்னு டாக்டர் சொல்லுதாரு. இவுக வரமாட்டேங்காக.”

“ஏன்?”

“வசனம் விழுந்திருக்குல்லா. சாகமாட்டேன்னு கர்த்தரே சொன்னப்புறம் டாக்டர் என்னத்தச் சொல்லங்காக. நீங்க குடுத்த வசனம்யா. நீங்களே வந்து திருப்பி வாங்கிக்கிடுங்க.”

மறுநாள் வேதமுத்து போனார். ஜோபியின் ஜீப்பில்தான் எப்போதும் போவது. ஜோபி மலையாளி, கத்தோலிக்கர். தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கி அவருக்கும் பாதித் தமிழ் வந்திருந்தது. லயத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, “அச்சோ, மழைக்கு முன்னே எறங்கணும், கேட்டோ” என்றார். தன் சபைப் பாதிரியாரைப்போல வேதமுத்துவையும் அவர் அச்சன் என்றுதான் கூப்பிடுவார்.

மொக்கையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் அந்த அட்டை செருகியிருந்தது. பேசும்போது நாக்கு தடித்து இழுத்தது. வலியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கண் சுருங்கியது.

வேதமுத்து தான் படித்ததையெல்லாம் முதல்முறையாக ஒரே ஆளுக்காக எடுத்துச் சொன்னார்.

“அண்ணே, இது கர்த்தர் மனுசன்கிட்டச் சொன்னது இல்ல. மனுசன் பாடினது. பெரிய ஆபத்துல இருந்து தப்பி வந்த ஒருத்தன் ஆலயத்து வாசல்ல நின்னு, நான் சாகலை, இருந்து சொல்லுவேன்னு பாடுதான். அட்டை அச்சடிச்சவங்க ‘நான்’கிறத ‘நீ’ன்னு மாத்திட்டாங்க. வேதத்தை எடுத்துப் பாருங்க.”

மொக்கையன் வேதத்தை எடுக்கவில்லை. “நீங்கதானய்யா வாசிச்சுக் குடுத்தீக. கர்த்தர் ஒங்களுக்குக் குடுத்த வார்த்தைன்னீக. அன்னைக்கு நான், நீயெல்லாம் சொல்லலையே.”

“ஆமா. சொல்லல.”

“சரி, அந்த ஆளு பிழைச்சானா?”

“அன்னைக்குப் பிழைச்சான். பெறகு ஒருநாள் செத்துத்தான் இருப்பான்.”

மொக்கையன் கொஞ்சம் தண்ணீரை வாயில் வைத்து, விழுங்க முடியாமல் விழுங்கினார். “அது போகட்டும். பின்பாதியப் பாருங்க. பிழைச்சிருந்து சொல்லுவேன்னுல்லா இருக்கு. நாக்க அறுத்துட்டா எதை வச்சுச் சொல்ல? அறுக்காதேன்னுதான வசனமே சொல்லுது?”

வசனத்தின் இரண்டு பாதியையும் மொக்கையன் விடாமல் பிடித்திருக்கிறார் என்பது வேதமுத்துவுக்குத் தெரிந்தது.

“இன்னொண்ணு கேக்கேன்” என்றார் மொக்கையன். “எந்த அடக்கத்துக்குப் போனாலும் மேய்ப்பன் சங்கீதம் வாசிக்கீக. அதுவும் எவனோ ஒருத்தன் அவனுக்காகப் பாடினதுதான? செத்தவன் வீட்டுல மட்டும் எல்லாருக்கும்கீக. சாகப்போறவன் கேட்டா மட்டும் அந்த ஆளுக்குங்கீக.”

கீழே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஜீப்புக்குள் படுதாவை இழுத்துவிட்டுக்கொண்டே ஜோபி கேட்டார்: “எந்தாயி? சம்மதிச்சாரா?”

“இல்ல.”

“எங்க சர்ச்சுல அச்சன் சொன்னா ஆளுங்க கேக்கும்.”

“அவரும் அட்டை குடுத்தப்ப நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்காரு, ஜோபி. அதான் சங்கடம்.”

திங்கட்கிழமை மத்தியானம் அலமாரியிலிருந்து பழைய விளக்கவுரைகளை எடுத்தார். பூசணம் பூத்திருந்தன. அட்டை வசனம் வரும் சங்கீதத்தில் ‘நான்’ என்று பேசுவது ஒரு ராஜா என்று ஒரு புத்தகம் சொன்னது. அது ஒரு ஆளே இல்லை, முழு ஜனமும் ஒரு குரலாகப் பாடுகிறது என்றது இன்னொன்று. நோயிலிருந்து எழுந்த சாதாரண மனிதன் என்றது மூன்றாவது. சபைப் பிதாக்கள் அதைக் கிறிஸ்துவே பாடுவதாகக் கேட்டார்கள் என்றும் ஒரு குறிப்பு இருந்தது. எல்லாவற்றுக்கும் நியாயம் இருந்தது. எதை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மலைக்கு ஏறுவது என்றுதான் தெரியவில்லை. புத்தகத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனார். அவர் மனைவி ஜெபமணி வந்து எழுப்பினார். கன்னத்தில் புத்தகத்தின் விளிம்பு பதிந்திருந்தது.

“இந்த வயசுல எந்தப் பரீட்சைக்குப் படிக்கீக?” என்றார் ஜெபமணி. “வந்து கஞ்சியைக் குடிங்க.”

கஞ்சி குடிக்கும்போது கல்லூரி நினைவு வந்தது. வயதான ஆசிரியர் இருந்திருந்தால் வேதமுத்து சொன்னதே சரி என்பார். இரண்டாமவர் மொக்கையன் பக்கம் நின்றாலும் நிற்பார். சபை அப்படித்தானே கேட்டு வந்திருக்கிறது. அந்த இளம் ஆசிரியை என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபோது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வாசிக்கிறவன் எதற்குப் பயப்படுகிறான் என்று வேதமுத்து மொக்கையனைக் கேட்கவே இல்லை. அந்தக் கட்சியைக் கல்லூரிக் காலத்தில் அவர் ஒரு கட்சியாகவே மதித்ததில்லை.

அந்த வாரமே மறுபடி போனார். இந்த முறை பையில் வேதபுத்தகம் இருந்தது, அதை எடுக்கவில்லை. புஷ்பமேரி உள்ளே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்காண்ணே?”

மொக்கையன் வாசலைப் பார்த்துச் சொன்னார்: “சாவுக்கு இல்லய்யா. பாட்டுப் போயிரும். பேக்டரியில அத்தனை வருசம் எல வாடப்போட்டேன், அதுக்காக எவன் என்னைய நெனைக்கப்போறான்? பாட்டு எடுத்துக் குடுக்க ஆளுன்னுதான நெனைப்பான். அதுவும் இல்லன்னா நான் யாரு?”

வேதமுத்துவுக்குத் தேற்றுகிற சொற்கள் நிறையத் தெரியும். ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

“அண்ணே, வசனம் ஒங்களப் போகச் சொல்லுதுன்னு நான் சொல்லமாட்டேன். போகாதேன்னு சொல்லுதுன்னும் சொல்லமாட்டேன். ஒங்களுக்கு அது என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியல.”

“ஐயரா இருந்துக்கிட்டுத் தெரியலங்கீக?”

“தெரியல. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான் சொல்லுதேன். இது கர்த்தர் பேருல சொல்லல. என் பேருல சொல்லுதேன். தப்பாப் போச்சுன்னா என்னைய வையுங்க.”

உள்ளே கீரை உருவும் சத்தம் நின்றிருந்தது. மொக்கையன் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு குனிந்திருந்தார். கோபமா, வலியா என்று தெரியவில்லை. கடைசியில் நிமிர்ந்தார்.

“அப்ப நீங்களும் வரணும். பாதி வழியில மனசு மாறி எறங்கிருவேன். பிடிச்சு வைக்க ஆளு வேணும்.”

தவசு காலத்தில் போதகர் ஊரை விட்டுப் போவது வழக்கமில்லை. கமிட்டிச் செயலாளர் போனில் சத்தம் போட்டார். வேதமுத்து கேட்டுக்கொண்டு, சரி சரி என்று சொல்லிவிட்டு, ஜோபியின் ஜீப்பில் ஏறினார். குட்டிக்கானம் இறக்கத்தில் மொக்கையன் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் இறங்கி ஓரமாக நின்று வாந்தி எடுத்துவிட்டு, தானாகவே வந்து ஏறிக்கொண்டார்.

அறுவை நடந்தது. பாதி நாக்கும் கழுத்தில் சில நெறிக்கட்டிகளும் போயின. வேதமுத்து வார்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். விழித்தபோதெல்லாம் புஷ்பமேரிக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஜெபிக்கக்கூட அசதியாக இருந்தது.

மொக்கையன் பிழைத்தார். ஆறு மாதத்துக்கொருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். உறுதியாக எதையும் சொல்லவில்லை. பேச்சு குழறியது. வாய்க்குள் கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல ஒரு சத்தம்தான் வரும். புஷ்பமேரிக்கு மட்டும் அது விளங்கும். சபையில் இரண்டு பேச்சு கிளம்பியது. வசனம் அப்படியே பலித்துவிட்டது என்றார்கள் ஒரு சாரார். விசுவாசத்தோடு இருந்திருந்தால் நாக்கும் தப்பியிருக்கும், ஐயர்தான் கெடுத்துவிட்டார் என்றார்கள் மற்றவர்கள். இரண்டும் வேதமுத்துவின் காதுக்கு வந்தன. ஒன்றையும் அவர் மறுத்துப் பேசவில்லை. மறுக்கத் தெம்பும் இல்லை.

மழை ஓய்ந்து, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. சாட்சி சொல்லும் நேரத்தில், யாரும் எதிர்பாராமல் மொக்கையன் எழுந்து முன்னால் வந்தார். பேசத் தொடங்கினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. புஷ்பமேரி எடுத்துச் சொல்வார் என்று எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மொக்கையன் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, வெகுநேரம் பேசினார். எச்சில் வழிந்தது, துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் கோயில் அமைதியாகிவிட்டது. முதுகு வளைந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் அல்லேலூயா என்றார். பலர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஐயரைக் குறை சொன்னவர்களும் அழுதார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிக்கொண்டு நின்றபோது வேதமுத்து மெதுவாகப் புஷ்பமேரியைக் கேட்டார்: “என்னம்மா சொன்னாரு?”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். “யாருகிட்டயும் சொல்லிராதீக. பாதி நேரம் ஆஸ்பத்திரிக் கஞ்சியில உப்பே போடலைன்னுதான் சொன்னாக. பெறகு நம்ம லயத்துப் பைப்புல தண்ணி வரல, பஞ்சாயத்து மெம்பர்கிட்டச் சொல்லியும் கேக்கலைன்னாக. கடைசியாத்தான் ஸ்தோத்திரம்னாக.”

வேதமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் அங்கிக் கையால் வாயை மூடிக்கொண்டார். புஷ்பமேரியும் சிரித்தார். படிகளில் இறங்கிப் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சொன்னவன் நினைத்தது கஞ்சி. கேட்டவர்களுக்குக் கிடைத்தது வேறு. கல்லூரியில் இதை வைத்து ஒரு முழு நாள் சண்டை போட்டிருக்கலாம். கூப்பிட்டு நிறுத்தித் திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதை அவர் சற்று வியப்போடு கவனித்தார். மொக்கையன் தன் பங்குக்கு, பண்டிகைக் காணிக்கையாக ஏலத்துக்கு வந்த வாழைத்தார்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோபி கீழேயிருந்து ஹார்ன் அடித்தார். அடுத்த சபையிலும் அன்றைக்கே பண்டிகை. போகும் வழியில் ஒரு லோடு லாரி சேற்றில் மாட்டிப் பாதையை அடைத்திருந்தது. அது விலகி, மேட்டில் ஏறி, கோயிலடியில் இறங்கும்போது வெகுவாகத் தாமதமாகிவிட்டது. உள்ளே அவருக்காகக் காத்திராமல் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். யாரோ ஒரு சின்னப்பெண் சுருதி தப்பி உயரத்தில் எடுத்துவிட்டிருந்தாள். எல்லோரும் திணறிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். வேதமுத்து அங்கிப் பையைத் திறக்கவில்லை. சத்தம் போடாமல் நுழைந்து, கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், தூங்கும் ஒரு கைப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். இரண்டாவது சரணம் முடியட்டும் என்று இருந்தார். பிறகு மூன்றாவதும் முடியட்டும் என்று இருந்தார்.